வீக்கெண்ட்ல சர்வர்ல கை வைக்கப் போறீங்களா, திரும்பி வர்ற நேரத்தையும் சேத்து கணக்கு போடுங்க

சனி ஞாயிறுல ஆஃபீஸ் சர்வர்ல பெரிய வேலை ஏதாவது பண்ணப் போற ஆளா இருந்தா இத கொஞ்சம் படிச்சிட்டு போங்க. எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கணும்னு இல்ல, ஆனா நடந்தா நீங்களும் என்ன மாதிரி தனியா உக்காந்துதான் முழிப்பீங்க, ஏன்னா ஞாயித்துக்கிழமை ராத்திரி யாரும் ஃபோன் எடுக்க மாட்டாங்க. பேக்கப் எடுத்தாச்சான்னு அந்த வாரம் முழுக்க எல்லாரும் என்னை கேட்டாங்க. எடுத்தாச்சு சார் எடுத்தாச்சு சார்னு சொல்லி சொல்லி வாய் வலிச்சுது. அத திருப்பி போட எவ்ளோ நேரம் ஆகும்னு மட்டும் ஒருத்தர் கூட கேக்கல.

விஷயம் இதுதான். எங்க பில்லிங், ஸ்டாக், அக்கவுண்ட்ஸ் எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்ல ஓடுது, அதுக்கு பின்னாடி இருக்கறது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், 9.6 வெர்ஷன். அந்த வெர்ஷனுக்கு 2021 நவம்பரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் செக்யூரிட்டி பேட்ச்னு எதுவும் வராது. ஆடிட்ல இத ரெட்ல போட்டு குடுத்துட்டாங்க, உடனே மேலேர்ந்து பிரஷர். 14-க்கு மாத்தணும், ஒரே வீக்கெண்ட்ல முடிக்கணும், திங்கட்கிழமை காலையில 9 மணிக்கு எல்லாரும் லாகின் பண்ணணும். நான் இன்னொரு மெஷின் கேட்டேன், பழசு அப்படியே இருக்கட்டும், புதுசுல ஏத்தி பாத்துட்டு மாத்திக்கலாம்னு. பட்ஜெட் இல்லன்னுட்டாங்க. சாஃப்ட்வேர் வெண்டர் ஒரு பிளான் ஷீட் அனுப்பினாங்க, ரெண்டு பக்கத்துக்கு ஸ்டெப் ஸ்டெப்பா எல்லாம் இருந்துச்சு, யார் எத எப்போ பண்ணணும்னு நேரத்தோட. கடைசி வரியில 'பிரச்சனை வந்தால் பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்யவும்'. அவ்ளோதான். போற வழிக்கு ரெண்டு பக்கம், வர்ற வழிக்கு ஒரே வரி. இந்த மாதிரி ஷீட் உங்க கைக்கு வந்தா கையெழுத்து போடாதீங்க, அந்த ஒரு வரிய விரிச்சு எழுதி குடுங்கன்னு திருப்பி அனுப்புங்க. எந்த ஃபைல், எங்க இருக்கு, எந்த கமாண்ட், யார் பண்ணணும், எவ்ளோ நேரம், முடிஞ்சுதுன்னு எத வச்சு தெரிஞ்சுக்கறது, இவ்ளோவும் அதுல வரணும்.

சனிக்கிழமை மதியம் எல்லாரையும் வெளிய எடுத்துட்டு முழு டம்ப் எடுத்தோம், அதாவது டேட்டாபேஸ ஒரே ஃபைலா எழுதி எடுக்கற பேக்கப். ஃபைல் சைஸ பாத்தப்போ டேட்டாபேஸ்ல பாதி கூட இல்ல, பரவால்லயே சின்னதா இருக்கே சீக்கிரம் ரீஸ்டோர் ஆகிடும்னு வெண்டர் ஆளு சொன்னாரு, எனக்கும் சந்தோஷமாதான் இருந்துச்சு. ஆனா அந்த சின்ன சைஸுக்கு பின்னாடி ஒரு காரணம் இருக்கு. டம்ப்ல இண்டெக்ஸ் (டேபிள்ல சீக்கிரம் தேட உதவுற பட்டியல்) டேட்டா வராது, இண்டெக்ஸ உருவாக்குன்னு ஒரு வரி கமாண்ட் மட்டும்தான் இருக்கும். ரீஸ்டோர் பண்ணும்போது ஒவ்வொரு இண்டெக்ஸையும் முதல்லேர்ந்து கட்டணும், பெரிய டேபிள்னா அதுலயே மணிக்கணக்கா போகும். அதனால எடுக்க ஆன நேரத்த வச்சு போட ஆகுற நேரத்த எடை போடாதீங்க. அதுக்கும் மேல, எங்க டம்ப் சாதா எஸ்க்யூஎல் ஃபைலா எடுத்தது. அத ஒரே வரிசையிலதான் ஓட்ட முடியும், மெஷின்ல எத்தன ப்ராசசர் கோர் இருந்தாலும் ஒண்ணுதான் வேலை செய்யும், மிச்சமெல்லாம் வேடிக்கை பாக்கும். கஸ்டம் ஃபார்மட்லயோ டைரக்டரி ஃபார்மட்லயோ எடுத்திருந்தா ஒரே நேரத்துல நாலஞ்சு டேபிள போட்டுக்கிட்டே போகலாம். இத நான் தெரிஞ்சுக்கிட்டது ஞாயித்துக்கிழமை நடுராத்திரி.

அப்கிரேட் என்னவோ நல்லாதான் போச்சு. டிஸ்க்ல இடம் பத்தாததால லிங்க் மோட்ல பண்ணணும்னு ஷீட்ல போட்டிருந்துச்சு, அதாவது ஃபைல காப்பி பண்ணாம பழைய ஃபைலையே புது வெர்ஷனும் எடுத்துக்கும். சில நிமிஷத்துல முடிஞ்சு போச்சு, எனக்கே நம்ப முடியல. லாகின் ஆச்சு, ஒரு பில் போட்டு பாத்தோம், வந்துச்சு. வெண்டர் ஆளு வாழ்த்து சொல்லிட்டு கட் பண்ணிட்டாரு. இந்த லிங்க் மோட்ல ஒரு சங்கதி இருக்கு, ரொம்ப முக்கியம். புது சர்வர ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா பழசு அவ்ளோதான், அத திரும்ப ஓட்டறது பாதுகாப்பு இல்ல, பேக்கப்லேர்ந்துதான் எடுக்கணும், போஸ்ட்கிரெஸ் மேனுவல்லயே எழுதி வச்சிருக்காங்க. எங்க ஷீட்ல அது 'சர்வர் ஸ்டார்ட்'னு சாதாரணமா நாலோட அஞ்சா ஒரு ஸ்டெப், அவ்ளோதான். எந்த வேலையா இருந்தாலும் இப்படி ஒரு இடம் இருக்கும், அதத் தாண்டினா திரும்ப முடியாதுன்னு. அந்த ஸ்டெப்ப கண்டுபிடிச்சு சிவப்பு கோடு போட்டு வையுங்க, அதுக்கு முன்னாடி எத எதெல்லாம் டெஸ்ட் பண்ண முடியுமோ அவ்ளோவும் பண்ணிடுங்க, ஒரு சின்ன டெஸ்ட் மெஷின்லயாவது.

ஞாயிறு காலையில ஸ்டாக் என்ட்ரி ஸ்கிரீன திறந்தா எரர். ஏடிஎஸ்ஆர்சி-னு ஒரு காலம் (டேபிள்ல வர்ற column) இல்லவே இல்லன்னு சொல்லுது. எனக்கு அப்படி ஒரு காலம் எந்த டேபிள்லயும் பாத்ததா ஞாபகம் இல்ல. தேடி பாத்தா அது எங்க டேபிள்ல இல்ல, போஸ்ட்கிரெஸோட சொந்த உள் டேபிள்ல இருந்த காலம், 12-வது வெர்ஷன்ல எடுத்துட்டாங்க. வெண்டரோட சாஃப்ட்வேர் உள்ள இருந்த ஏதோ ஒரு பழைய லைப்ரரி (ரெடிமேடா எடுத்து சேத்துக்கற புரோகிராம் தொகுப்பு) அத இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு. பில்லிங் ஸ்கிரீன்ல அந்த லைப்ரரி வராததால சனிக்கிழமை ராத்திரி தெரியல. சாஃப்ட்வேரோட கோடு (code) வெண்டர் கையில இருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஃபோன் போட்டேன், அந்த ஆளு பாவம் ரிமோட்ல வந்தாரு, அத மாத்தினாரு இத மாத்தினாரு, 'இன்னும் ஒரு அரை மணி நேரம் சார், முடிச்சிடலாம்'னாரு. அந்த அரை மணி நேரம் மதியம் ஆச்சு, சாயந்திரம் ஆச்சு. நடுவுல மேனேஜர் வேற ஃபோன்ல, 'என்னப்பா ஆச்சு, ஆகுமா ஆகாதா'ன்னு. ஒவ்வொரு தடவையும் இதோ முடிஞ்சிடும்னுதான் தோணுச்சு, அதுதான் இதுல பெரிய ஆபத்து. முடிஞ்சிடும் முடிஞ்சிடும்னு நெனைக்க நெனைக்க திரும்பிப் போறதுக்கு இருந்த நேரம் கரைஞ்சுக்கிட்டே போகுது, அது நம்ம கண்ணுக்கு தெரியாது. ராத்திரி ஆனதும் அவரு, டெவலப்மெண்ட் டீம் திங்கட்கிழமை வந்தாதான் பேட்ச் குடுப்பாங்கன்னு சொல்லிட்டு லாக்-ஆஃப் பண்ணிட்டாரு.

இந்த இடத்துல நிறுத்தி ஒரு கணக்கு சொல்றேன், இத ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்லயே ஒட்டி வச்சுக்கோங்க. கடைசிலேர்ந்து பின்னாடி எண்ணணும். திங்கள் காலை 9 மணிக்கு சிஸ்டம் வேணும். ரீஸ்டோருக்கு 12 மணி நேரம் ஆகும்னு வையுங்க, போட்டு முடிச்சு செக் பண்ண ஒரு 2, மொத்தம் 14. இதுக்கு மேல பாதி கூடுதலா சேத்துக்கோங்க, ஏன்னா ரீஸ்டோர் முதல் தடவையே ஒழுங்கா போனதா நான் கேள்விப்பட்டதே இல்ல, ஆக 21. அப்போ ஞாயிறு மதியம் 12 மணிதான் உங்க கெடு. 12 மணிக்கு வேலை முடியலன்னா, முக்கால்வாசி முடிஞ்சிருந்தாலும், இன்னும் ஒரே ஒரு எரர்தான் பாக்கின்னாலும், திரும்பிடணும். இந்த முடிவ கீபோர்ட்ல கை வச்சிருக்கற ஆள் எடுக்கக் கூடாது, அவனுக்கு எப்பவும் இன்னும் அரை மணி நேரம் வேணும். வேலை செய்யாத ஒருத்தர், மேனேஜரோ யாரோ, அந்த நேரத்துக்கு ஃபோன் பண்ணி ஆச்சா இல்லையான்னு மட்டும் கேக்கணும்னு முன்னாடியே பேசி வையுங்க. அந்த 12 மணி நேரம்ங்கற நம்பரும் குத்துமதிப்பா இருக்கக் கூடாது, ஒரு தடவை நிஜமாவே வேற எங்கயாவது ரீஸ்டோர் பண்ணி கடிகாரத்த பாத்து எழுதினதா இருக்கணும்.

எனக்கு அப்படி ஒரு நம்பரே இல்ல. ஞாயிறு ராத்திரி ரோல்பேக்னு, அதாவது பழைய நிலைக்கே திரும்பறதுன்னு முடிவாச்சு, ஆனா ரீஸ்டோர் பண்ண டிஸ்க்ல இடம் கிடையாது, பழசு புதுசு ரெண்டையும் அழிச்சாதான் இடம் வரும். யோசிச்சு பாருங்க, அழிச்ச நிமிஷத்துலேர்ந்து மொத்த ஆஃபீஸோட கணக்கும் ஒரே ஒரு டம்ப் ஃபைல்ல நிக்குது. அது கெட்டுப் போயிருந்தா? கை உண்மையாவே நடுங்குச்சு. இதுக்கு மட்டும் நான் அவசரப்படல, அந்த ஃபைல இன்னொரு வெளி டிஸ்க்ல காப்பி போட்டு, ரெண்டும் ஒண்ணுதானான்னு செக்சம் பாத்துட்டுதான் அழிச்சேன். ஆனா அந்த பழைய சர்வர்ல இருந்தது யுஎஸ்பி 2.0 போர்ட், செகண்டுக்கு 30, 35 எம்பி போனாலே பெருசு. அந்த வேகத்துல ஒரு டிபி (டெராபைட்) காப்பி ஆக கிட்டத்தட்ட 8, 9 மணி நேரம் ஆகும், ஜிகாபிட் நெட்வொர்க்ல போட்டா ரெண்டரை மணி நேரம். எங்க ஃபைல் அவ்ளோ பெருசு இல்லதான், இருந்தாலும் அந்த பச்சை கோடு நகர்றத பாத்துக்கிட்டு உக்காந்திருந்த நேரம் இருக்கே, வெளிய ரோட்ல ஒரு சத்தம் இல்ல, ஏசி சத்தம் மட்டும், யாருக்காவது ஃபோன் பண்ணி அழலாம் போல இருந்துச்சு. பண்ணல, மணி என்னன்னு பாத்துட்டு விட்டுட்டேன்.

ரீஸ்டோர ஆரம்பிச்சா ஸ்கிரீன் முழுக்க 'ரோல் இல்லை, ரோல் இல்லை'ன்னு எரர் கொட்டுது (ரோல்னா போஸ்ட்கிரெஸ்ல யூசர், குரூப்). ஒரு டேட்டாபேஸ மட்டும் டம்ப் எடுத்தா அதுல யூசர், பாஸ்வேர்ட், பர்மிஷன் குரூப் இதெல்லாம் வராது, அத பிஜி டம்ப்ஆல் கமாண்ட்ல குளோபல்ஸ் மட்டும்னு தனியா எடுக்கணும். வெண்டர் ஷீட்ல அந்த ஸ்டெப்பே இல்ல. யூசர் பேரெல்லாம் டம்ப் ஃபைலுக்குள்ளயே தேடி எடுத்து கையால உருவாக்கினேன். பாஸ்வேர்ட்? அது எங்க ஆஃபீஸ் விக்கில, அதாவது குறிப்பெல்லாம் எழுதி வைக்கற உள் வெப்சைட்ல இருக்கு. விக்கி எங்க ஓடுதுன்னு கேளுங்க. அதே சர்வர்ல, அதே போஸ்ட்கிரெஸ்ல! வெண்டரோட எமர்ஜென்சி நம்பரும் அதுலதான். சிரிக்கறதா அழறதான்னு தெரியல. கடைசியில சாஃப்ட்வேரோட கான்ஃபிக் ஃபைல்ல ஒரு பாஸ்வேர்ட் கிடைச்சுது, அத வச்சு சமாளிச்சேன். அதனால இப்போ எந்த வேலைக்கு உக்காந்தாலும் முதல்ல பிரிண்ட் எடுக்கறது இதத்தான்: பாஸ்வேர்ட் இருக்கற சீல் கவர், ஃபோன் நம்பர், ரோல்பேக் கமாண்ட். பேப்பர்ல. வெண்டர் போர்ட்டலுக்கு ஓடிபி யாரோட ஃபோனுக்கு போகுது, அவங்க ஊர்ல இருக்காங்களா, அதயும் வெள்ளிக்கிழமையே கேட்டு வையுங்க.

திங்கள் காலையில எல்லாரும் வந்தாச்சு, இண்டெக்ஸ் இன்னும் கட்டிக்கிட்டு இருக்கு. எவ்ளோ நேரம் ஆகும்னு கேக்கறாங்க, எனக்கே தெரியாது, என்ன சொல்ல. பில்லிங் செக்‌ஷன்ல கையால எழுத ஆரம்பிச்சாங்க, அத திரும்ப சிஸ்டத்துல ஏத்த ஓவர்டைம் குடுக்க வேண்டியதா போச்சு, சில கஸ்டமர்ங்க காத்திருந்து பாத்துட்டு போயிட்டாங்க, அந்த நஷ்டத்த யாரு கணக்கு எடுத்தாங்கன்னு தெரியல. மதியத்துக்கு மேல சிஸ்டம் எழுந்துச்சு, அப்பாடான்னு உக்காந்தா எல்லாரும் ஸ்லோ ஸ்லோன்னு கத்தறாங்க. ரீஸ்டோர் ஆன டேட்டாபேஸ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்காது, எந்த டேபிள்ல என்ன இருக்குன்னு தெரியாம அது கண்ண மூடிக்கிட்டு தேடும். அனலைஸ்னு ஒரே ஒரு கமாண்ட், ஓட்டினதும் சரியாச்சு. தூங்காத மூளைக்கு அது உடனே ஞாபகம் வரல, அதுல ஒரு ரகளை தனியா.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு இந்த மாதிரி வேற யாருக்காவது நடந்திருக்கான்னு தேடி படிச்சேன், மனசு கொஞ்சம் ஆறுச்சு. கிட்லேப்-னு, புரோகிராமர்ங்க அவங்க கோட வைக்கற வெப்சைட் நடத்தற கம்பெனில, 2017 ஜனவரி 31 ராத்திரி ஒரு எஞ்சினியர் தப்பான சர்வர்ல டேட்டா டைரக்டரிய (டேட்டாபேஸ் ஃபைலெல்லாம் இருக்கற ஃபோல்டர) அழிச்சிட்டாரு. பேக்கப் பல வழியில இருந்துச்சு, ஆனா தினசரி டம்ப் வேலையே செய்யல, 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 டம்ப் புரோகிராம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஃபெயில் ஆகுதுன்னு போன மெயிலும் போய் சேரல. அதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி வேற காரணத்துக்காக ஒருத்தர் எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலைய அப்படியே பிடிச்சு வைக்கறது)தான் காப்பாத்துச்சு, அதயும் காப்பி பண்ணி கொண்டு வரவே 18 மணி நேரம் போல ஆச்சு. அவங்க இதயெல்லாம் மறைக்காம எழுதி வெளிய விட்டதுக்கு ஒரு கும்பிடு. பிரிட்டன்ல டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரல்ல ஒரே வீக்கெண்ட்ல ஐம்பது லட்சத்துக்கும் மேல கஸ்டமர்கள புது சிஸ்டத்துக்கு மாத்தினாங்க, திங்கட்கிழமை லட்சக்கணக்கானவங்களால அக்கவுண்ட்ட திறக்கவே முடியல, கடைசியில 2022-ல ரெகுலேட்டர்ங்க 4.86 கோடி பவுண்ட் ஃபைன் போட்டாங்க. அவ்ளோ பெரிய பேங்குக்கே வீக்கெண்ட் பத்தலன்னா, தனி ஆளா ஒரு யுஎஸ்பி டிஸ்க்கோட உக்காந்திருக்கற நமக்கு?

வீட்ல சொந்த லேப்டாப்ல வேலை பாக்கறவங்களுக்கும் இது பொருந்தும். ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கோமேன்னு பயாஸ் (லேப்டாப் ஆன் ஆகும்போது முதல்ல ஓடற புரோகிராம்) அப்டேட் பண்ணுவீங்க, ரீஸ்டார்ட் ஆனா விண்டோஸோட டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 டிஜிட் ரெக்கவரி கீ கேக்கும், கீ ஆன்லைன் அக்கவுண்ட்ல இருக்கும், அந்த அக்கவுண்ட்டோட பாஸ்வேர்ட் பூட்டின லேப்டாப்ல இருக்கும். முன்னாடியே கீய எழுதி வச்சுக்கிட்டு, பிட்லாக்கர சஸ்பெண்ட் பண்ணிட்டு அப்புறம் அப்டேட் போடுங்க. விர்ச்சுவல் மெஷின் (ஒரு மெஷினுக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற இன்னொரு மெஷின்) வச்சிருக்கறவங்களுக்கு ஸ்னாப்ஷாட் நல்ல வழிதான், திரும்பறது நிமிஷத்துல ஆகும். ஆனா அது அதே டிஸ்க்ல இருக்கறதால டிஸ்க் போனா அதுவும் போச்சு, வாரக்கணக்கா விட்டு வச்சா வளந்துக்கிட்டே போய் இடத்த முழுங்கிடும், விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர் பண்ற விஎம்வேர்காரங்களே ஒரு ஸ்னாப்ஷாட்ட 72 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்கன்னுதான் சொல்றாங்க. ரெய்டு (ஒரே டேட்டாவ ரெண்டு டிஸ்க்ல சேத்து எழுதற ஏற்பாடு) இருக்கே, எதுக்கு பேக்கப்னு கேக்கறவங்க கிட்ட நான் வாதாடறத விட்டுட்டேன். தப்பா அழிச்சத ரெய்டு ரெண்டு டிஸ்க்லயும் ஒழுங்கா அழிச்சு குடுக்கும்.

சில மாசம் கழிச்சு வெண்டர் பேட்ச் வந்துச்சு, திரும்ப அதே வேலை. இந்த தடவை மெஷின் கேட்டதும் குடுத்தாங்க, அந்த திங்கட்கிழமைய மேனேஜரும் மறக்கல போல. பழைய சர்வர நிறுத்தி, டேட்டா டைரக்டரிய அப்படியே புது மெஷினுக்கு நெட்வொர்க்ல காப்பி போட்டு, அங்க அப்கிரேட் பண்ணோம், பழச தொடவே இல்ல. ரோல்பேக்னா ஐபி அட்ரஸ பழைய மெஷினுக்கு மாத்தி அத ஆன் பண்றது மட்டும்தான், அதயும் வெள்ளிக்கிழமை ஒரு தடவை செஞ்சு பாத்து நேரத்த எழுதிக்கிட்டோம், கால் மணி நேரம் கூட ஆகல. ஸ்டாக், அக்கவுண்ட்ஸ், பில்லிங்னு செக்‌ஷனுக்கு ஒருத்தர ஞாயிறு காலையில வரச் சொல்லி அவங்க தினமும் திறக்கற ஸ்கிரீன் எல்லாத்தையும் திறந்து பாக்க வச்சோம், மதியத்துக்கு முன்னாடியே எல்லாரும் கிளம்பிட்டாங்க. ஒரு விஷயத்துக்கு மட்டும் இன்னும் சரியான வழி தெரியல: திங்கட்கிழமை புது சிஸ்டத்துல முதல் பில் விழுந்த உடனே பழசு பின்தங்கிடுது, அதுக்கப்புறம் திரும்பினா அன்னிக்கு போட்டதெல்லாம் போயிடும். இப்போதைக்கு நாங்க பண்றது, முதல் ரெண்டு நாள் போடற எல்லா என்ட்ரிக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வரிசையா வச்சுக்கறது, திரும்ப வேண்டி வந்தா கையால ஏத்திக்கலாம்னு. பில்லிங் செக்‌ஷன்ல இதுக்கு என்ன திட்டறாங்க, ஆனாலும் பிரிண்ட் எடுத்து வைக்கறாங்க.